மூன்று காலம் தெரிந்த குரல்

சுகிர்தாவின் குரல்பெட்டிக்கு மூன்று காலங்கள்தான் தெரியும். நடந்தது, நடக்கிறது, நடக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள் என்று பொருத்திய அன்றே சொல்லிவிட்டார்கள். தயாளனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. மாதக்கணக்கில் பேச்சே இல்லாமல் கிடந்த மனைவி மறுபடி பேசப்போகிறாள் என்றால், அவள் எந்தக் காலத்தில் பேசினால்தான் என்ன?

சுகிர்தா கொளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கிராமர் எடுப்பவள். ஒருநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பி, தலை வாரிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள். மூளைத்தண்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் தங்கியது. ஆனால் கையும் காலும் மட்டுமல்ல, நாக்கும் உதடும்கூட அசையவில்லை. கண்கள் மட்டும் மேலும் கீழும் போய் வந்தன. உள்ளே நினைவு முழுசாக இருந்தது. டாக்டர்கள் அதற்கு ஒரு பெயர் சொன்னார்கள். தயாளன் தனக்குப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டான்: வீட்டுக்குள் ஆள் இருக்கிறாள், கதவுதான் திறக்கவில்லை.

அந்தக் கதவில் ஒரு சின்ன ஓட்டை போட்டது குரல்பெட்டி. மண்டை ஓட்டுக்குள் ஒரு பொட்டு அளவு தகடு, தலைமாட்டில் ஒரு பெட்டி. அவள் மனசுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால், யார், என்ன, எப்போது என்பதைத் தகடு பிடித்துக்கொள்ளும். பெட்டி அதைத் தமிழாக்கிப் பேசும். தகட்டை ஆங்கிலத்தில் மட்டும்தான் பழக்கியிருந்தார்கள். தமிழில் யோசிக்கிறவர்களுக்கு இன்னும் வரவில்லை. சுகிர்தா ஆங்கில டீச்சராக இருந்ததால்தான் அந்த வசதி அவளுக்குக் கிடைத்தது.

பெட்டி முதலில் பேசிய வார்த்தை, "முதுகு வலிக்கிறது" என்பதுதான். தயாளன் அவளைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் மீன் தொட்டிகளுக்கு நடுவே நின்று அழுதான். அவனுக்கு வண்ண மீன் வளர்த்து விற்கிற தொழில். கப்பி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று வீட்டுக்குப் பின்னால் வரிசையாகத் தொட்டிகள்.

சிறு சிறு குழப்பங்கள் வரத்தான் செய்தன. "பசித்தது" என்று பெட்டி சொல்லும். பசித்தது, அப்புறம் அடங்கிவிட்டது போல என்று இவன் இருந்துவிடுவான். அவள் கண்கள் மேலும் கீழும் அலைபாயும்போதுதான் விளங்கும். "லோகேஷ் வந்தான்" என்று ஒருநாள் சொன்னது. எப்போது வந்து எப்போது போனான் என்று இவன் யோசித்துக்கொண்டே திரும்பினால், அவளுடைய தம்பி லோகேஷ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றான். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

சிரிக்க முடியாதது அவர்களுடைய கல்யாண நாளில் நடந்தது. தயாளன் அவளுக்குப் புதுப் புடவையைப் போர்த்திவிட்டு, மல்லிகைச் சரத்தைத் தலையணையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்துப் பெட்டி பேசியது.

"உங்கள்மேல் பிரியம் வைத்தேன்."

அவன் புன்னகை பாதியிலேயே நின்றது. "வைத்தேனா? அப்போ இப்போ இல்லையா?"

அவள் கண்கள் வேகமாக அசைந்தன. பெட்டி மறுபடி சொன்னது: "இப்போதும் வைத்தேன்."

அவன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பவளிடம் போய் இலக்கணம் பேசுவானா? ஆனால் அந்த 'வைத்தேன்' உள்ளே போய் முள்ளாகத் தங்கிவிட்டது. தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போதும், கடைக்குப் போய் வரும்போதும் அது குத்தியது. இப்படி ஆன உடம்போடு ஒருத்தி கிடக்கும்போது புருஷன்மேல் பிரியம் எங்கே மிஞ்சும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவன் முகம் வாடியதைச் சுகிர்தா பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் பேச்சு குறைந்தது. தண்ணீர், வலி, வெளிச்சம், ஃபேன். அவ்வளவுதான்.

மழை தொடங்கியிருந்த ஒரு காலையில், அவள் பார்க்கட்டும் என்று கட்டிலுக்கு எதிரே வைத்திருந்த ஏஞ்சல் மீன் தொட்டியில் தயாளன் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து பெட்டி பேசியது. தண்ணீர் கேட்கிற அதே குரலில், அதே நிதானத்தில்.

"நான் சாக விரும்பினேன்."

அவன் கையிலிருந்த ரப்பர் குழாய் நழுவித் தரையெல்லாம் தண்ணீர் ஓடியது. அதை அப்படியே விட்டுவிட்டு அவளிடம் போனான். "என்னம்மா சொன்ன?" பெட்டி பேசவில்லை. அவள் கண்கள் பாதி மூடியிருந்தன. நெற்றியில் கை வைத்தால் கொதித்தது.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. நெஞ்சில் சளி கட்டி இரண்டு நுரையீரலிலும் கிருமி பரவியிருந்தது. தொண்டையில் குழாய் போட்டு, இயந்திரத்தில் மூச்சு விடவைத்து, மயக்க மருந்தில் தூங்கவைத்தார்கள். இனி அவளிடம் எதையும் கேட்க முடியாது. கண்ணசைவும் இல்லை.

தயாளன் அந்த வாக்கியத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பெட்டி எதையும் மறப்பதில்லை. அது கடைசியாகப் பேசியதை ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்பது வழக்கம். குரல்பெட்டி சொல்வது நோயாளி வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம் என்று சட்டமே இருந்தது. பேச முடியாதவர்களின் வார்த்தையையும் மதிக்க வேண்டும் என்று பலர் சேர்ந்து போராடி வாங்கிய நல்ல சட்டம் அது.

டாக்டர் இந்திரஜித் அவனையும் லோகேஷையும் உட்காரவைத்துப் பேசினார். இளவயசு, அலட்டாத மனுஷர்.

"இன்ஃபெக்ஷன் கட்டுப்படலாம் சார். ஆனா சின்ன விஷயம் இல்ல. தொண்டையில ஓட்டை போடணும், வாரக்கணக்கா மெஷின்ல இருக்கணும், ரொம்பக் கஷ்டப்படுவாங்க. அதுக்கு முன்னாடி அவங்க கேட்டுக்கிட்டதை நாங்க பார்க்க வேண்டியிருக்கு. சாக விரும்பினேன்னு சொல்லியிருக்காங்க."

"விரும்பினேன்னுதானே டாக்டர் சொல்லிச்சு? விரும்புறேன்னு சொல்லலையே?"

"அதையும் யோசிச்சோம். இங்கிலீஷ்ல மரியாதையா ஒண்ணு கேட்கும்போது பாஸ்ட் டென்ஸ்லதான் கேட்பாங்க. 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்'னா, முன்னாடி எப்பவோ கேட்க நினைச்சேன்னு அர்த்தம் இல்ல. இப்ப கேட்கப்போறேன்னு அர்த்தம். உங்க மிசஸ் இங்கிலீஷ் டீச்சர். அப்படித்தான் கேட்டிருக்கணும்னு இதை முடிவு பண்ற டாக்டர் குழுவுல நினைக்கிறாங்க."

லோகேஷ் தலையைக் குனிந்தபடியே சொன்னான். "அக்கா அப்படித்தான் பேசுவா. என்கிட்ட ஃபோன்ல கூட, 'லோகேஷ், ஐ வான்டட் டு டாக் டு யூ'ன்னுதான் ஆரம்பிப்பா."

லோகேஷுக்கு அம்மா அப்பா எல்லாமே அக்காதான். அவள் சம்பளத்தில் படித்து, அம்பத்தூரில் ஒரு மருந்து கம்பெனியில் வேலைக்குப் போனவன். வெளியே வராந்தாவில் வந்து நின்றதும் தயாளனிடம் தாழ்ந்த குரலில் பேசினான்.

"விட்டுடலாம் மாமா. அவ கேட்டுட்டா. அதைச் சொல்றதுக்கு அவ எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பா?"

"அவ என்ன கேட்டான்னே நமக்குத் தெரியலையே லோகேஷ்."

"தெரியுது மாமா. நமக்குப் பிடிக்கல, அவ்ளோதான். நீங்க அவளுக்கு என்ன வேணும்னு பார்க்கறீங்களா, உங்களுக்கு என்ன வேணும்னு பார்க்கறீங்களா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் தயாளன் டாக்டரிடம் திரும்பிப் போய், வார முடிவு வரைக்கும் அவகாசம் கேட்டான். அவர் கொடுத்தார். அந்த அவகாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமலே, பெட்டியைச் செய்த தரமணி கம்பெனிக்குக் கிளம்பினான்.

அங்கே அவனைச் சந்திக்க வந்தவள் ரெஹானா. வாணியம்பாடிக்காரி, முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சுகிர்தாவுக்குத் தகடு பொருத்தியபோது அதைப் பழக்கியவர்களில் ஒருத்தி. தயாளன் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

"இங்கிலீஷ்ல பன்னிரண்டு விதமா காலத்தைச் சொல்லலாம் சார். பன்னிரண்டையும் மூளையில இருந்து பிரிச்செடுக்கறது கஷ்டம். தப்பு நிறைய வரும், விலையும் ஏறும். நோயாளிங்க தண்ணி கேட்பாங்க, வலிக்குதுன்னு சொல்லுவாங்க, அதுக்கு மூணு போதும்னு முடிவு பண்ணாங்க. மீதியெல்லாத்தையும் மடக்கி அந்த மூணுக்குள்ளயே போட்டுட்டோம்."

"மடக்கிப் போட்டா என்ன ஆகும்?"

"அவங்க எதைச் சொன்னாலும், அதுல முடிஞ்சுபோனதோட சாயல் கொஞ்சம் இருந்தா, பெட்டி 'விரும்பினேன்'ங்கற மாதிரி நடந்ததாவே முடிச்சிடும்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. டென்ஸுன்னாலே பள்ளிக்கூடத்துல பின் பெஞ்சுக்குப் போயிடுவேன்."

ரெஹானா யோசித்தாள். "நீங்க மீன் வளர்க்கறவர்தானே? ஒரு கப்பி குட்டி போட்டுச்சுன்னு வச்சுக்குங்க. 'குட்டி போட்டுச்சு'ன்னா என்ன?"

"எப்பவோ போட்டுச்சு. இப்ப குட்டி இருக்கோ இல்லையோ."

"'குட்டி போட்டிருக்கு'ன்னா?"

"குட்டிங்க இப்பவும் தொட்டியில இருக்கு. வேற தொட்டிக்கு மாத்தணும்."

"அதான் சார் பிரசன்ட் பெர்ஃபெக்ட். ஹேவ், ஹேஸ்னு வரும். நடந்தது முன்னாடி, ஆனா அது இப்பவும் கையில இருக்கு. சரி, 'குட்டி போட்டிருந்துச்சு'ன்னு ஒருத்தர் சொன்னா?"

தயாளன் வாயைத் திறந்தவன் நிறுத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அதுக்கப்புறம் என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"அந்த 'அதுக்கப்புறம்'தான் ஹேட், ஹேவ்வோட பழைய காலம். பாஸ்ட் பெர்ஃபெக்ட். ஒரு பழைய விஷயம், அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு வந்து அதை மாத்திடுச்சு."

அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. விரும்பினேன். விரும்பியிருக்கிறேன். விரும்பியிருந்தேன். அவன் பிறந்ததிலிருந்து இதையெல்லாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். இதற்குப் பேர்தான் டென்ஸ் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுகிர்தா பலமுறை ஆரம்பித்திருக்கிறாள். இவன்தான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் போய்விடுவான்.

"அவ 'ஹேட்' சொல்லியிருந்தா?" என்று கேட்டான்.

"அப்போ சாகணும்னு ஒரு காலத்துல நினைச்சிருந்தாங்க, அந்த எண்ணம் அப்புறம் மாறிடுச்சுன்னு வரும்."

"அதைக் கண்டுபிடிக்க முடியுமா?"

"பெட்டிக்குப் போறதுக்கு முன்னாடி இருக்கற மூளை அலை எங்ககிட்ட இருக்கு. ஆனா அவங்க மூளையில 'ஹேட்' எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான் ஒப்பிட முடியும். அதுக்கு மாதிரி வேணும். இப்ப தூங்கறவங்ககிட்ட எப்படி வாங்கறது?" சொல்லிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு நிமிஷம் இருங்க சார்."

தகட்டைப் பழக்கிய நாளில் சுகிர்தாவிடம், சாப்பிடுகிறேன், சாப்பிட்டேன், சாப்பிடுவேன் என்று மூன்று விதமாக மனசுக்குள் சொல்லச் சொன்னார்கள். அவள் அதோடு நிற்கவில்லை. அவர்களுக்குத் தேவையில்லாத எதையோ மனசுக்குள் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள். பழக்கியவர்கள் அதைக் குப்பை என்று ஒதுக்கி வைத்தார்கள். ரெஹானா இப்போது அதைத் திரையில் விரித்துப் பார்த்தாள். ஒரே வினை, அடுத்தடுத்து வேறு வேறு உருவில். வகுப்பில் கரும்பலகைக்கு முன் நின்று சொல்கிற வரிசையிலேயே, பன்னிரண்டும் இருந்தன.

"மேடம் கிளாஸ் எடுத்திருக்காங்க சார்" என்றாள் ரெஹானா. "நாங்கதான் கவனிக்கல."

இரண்டு நாள் அவள் வேறு வேலை பார்க்கவில்லை. தயாளன் ஆஸ்பத்திரிக்கும் தரமணிக்குமாக அலைந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் ரெஹானா கூப்பிட்டாள்.

"அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி, இது சரியா வேலை செய்யுதான்னு பழைய வாக்கியம் ஒண்ணுல சோதிக்கணும். ஏதாவது ஞாபகம் இருக்கா?"

தயாளனுக்கு ஞாபகத்தில் இருந்தது ஒன்றுதான். சொல்லக் கூச்சமாக இருந்தது. கல்யாண நாளைச் சொல்லி, அந்த வாக்கியத்தையும் சொன்னான். ரெஹானா தேடி எடுத்து, கொஞ்ச நேரம் எதையோ தட்டிவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"வைத்தேன் இல்ல சார். ஹேவ். இதுல சந்தேகமே இல்ல, அவ்ளோ தெளிவா இருக்கு. பிரியம் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கிருந்து இன்னிக்கு வரைக்கும், இனிமேலும்."

"நான் மறுபடி கேட்டப்போ, 'இப்போதும் வைத்தேன்'னு சொல்லிச்சே."

"இப்பவும் வச்சிருக்கேன்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ரெஹானா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். அவன் நிமிர்ந்த பிறகுதான் வந்து உட்கார்ந்தாள்.

கடைசி வாக்கியம் அப்படித் தெளிவாக இல்லை. காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னது, அலைகள் கலங்கிப்போயிருந்தன. ரெஹானா திரும்பத் திரும்ப ஒப்பிட்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். தராசு முள் 'ஹேட்' பக்கம் கொஞ்சம் சாயுது. அடிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. கொஞ்சம்தான்."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, மறுநாள் தானே ஆஸ்பத்திரிக்கும் வந்து குழுவின் முன் சொன்னாள். எங்கள் பெட்டிக்கு இந்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாது, அது சொன்னதை அவர் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று, தன் கம்பெனிக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் சொன்னாள். டாக்டர் இந்திரஜித் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"கொஞ்சம் சாய்ஞ்சாலும் போதும். சந்தேகம்னு வந்துட்டா நாங்க வைத்தியம் பார்க்கற பக்கம்தான் நிப்போம்" என்றார். பிறகு தயாளனிடம், "நான் அந்த வாக்கியத்தை வேகமா படிச்சுட்டேன் சார். நீங்க நிறுத்தினது நல்லதாப் போச்சு" என்றார்.

ஒருவேளை தன் அக்காவின் சாவுக்குத் தானே அவசரப்பட்டுவிட்டோமோ என்ற எண்ணம் அப்போதே லோகேஷின் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சுகிர்தா பிழைத்தாள். சுலபமாக இல்லை. தொண்டையில் ஓட்டை போட்டார்கள், காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, இரண்டு முறை எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்படி ஆனது. லோகேஷ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராத்திரிகளில் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தான். ஒருநாள் மயக்க மருந்தைக் குறைத்தபோது அவள் கண் திறந்தாள். தயாளனைப் பார்த்துக் கண்கள் மேலே போய்க் கீழே வந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு ரெஹானா புதுப் பெட்டியோடு கொளத்தூருக்கு வந்தாள். கம்பெனியில் போராடி, பன்னிரண்டு காலமும் தெரிந்த பெட்டி ஒன்றைச் சோதனைக்கென்று வாங்கி வந்திருந்தாள். அது பேசிய முதல் வாக்கியமே ஒரு முழம் இருந்தது.

"நான் வெகுநாட்களாக உறங்கிக்கொண்டே இருந்துவந்திருக்கிறேன்."

கொஞ்சம் இடைவெளி விட்டு அடுத்தது வந்தது. "தமிழில் இப்படி யாரும் பேச மாட்டார்கள். சரிசெய்யுங்கள்."

ரெஹானா சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சரிசெய்தாள். சுகிர்தா திருத்தத் திருத்த, பெட்டி அன்று சாயங்காலத்துக்குள் மனுஷத் தமிழ் பேச ஆரம்பித்தது. ரெஹானா கிளம்பும்போது தயாளன் அவளிடம் ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்தான். உள்ளே கருநீல ஃபைட்டர் ஒன்று துடுப்பை விரித்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு என்ன விலைன்னு கேட்டுடாதீங்க ரெஹானாம்மா."

"கேட்கல சார். ஆனா தண்ணி எப்ப மாத்தணும்னு சொல்லுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் பேச்சு திரும்பியது. சுகிர்தா அவனுக்குப் பழைய பள்ளிக்கூடக் கதைகளைச் சொன்னாள். மீன் தொட்டியில் வெளிச்சம் அதிகம் என்று குறை சொன்னாள். ஒருமுறை அவன் கேட்காமலே, "உங்கள்மேல் பிரியம் வைத்திருக்கிறேன்" என்றாள். அவன், "தெரியும், தரமணியிலயே சொல்லிட்டாங்க" என்றான்.

ஒன்றை மட்டும் அவன் கேட்கவில்லை. பல வாரம் கேட்காமலே இருந்தான். கடைசியில் ஒருநாள் காலை அவளுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, துண்டைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் டாக்டரும் லோகேஷும் சொன்னதையும் ரெஹானா கண்டுபிடித்ததையும் சொல்லிக் கேட்டான்.

"அன்னிக்கு நீ சாகணும்னு விரும்பியிருந்தேன்னு சொன்ன இல்ல? அதுக்கப்புறம் எதனால மாறிச்சு?"

அவள் கண்கள் மேலே போய் அவன் முகத்தில் நின்றன.

"நான் 'ஹேட்' என்று சொல்லவில்லை" என்றது பெட்டி. "'வான்டட்' என்றுதான் சொன்னேன். கேட்டேன். என்னை விட்டுவிடும்படி உண்மையாகவே கேட்டேன்."

தயாளன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எதைச் சொன்னாலும் தப்பாக வெளியே வந்தது. அன்று உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். திருத்தப் பார்த்தேன், அதுவும் தப்பாக வந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் சொல்லாததை நீங்கள் நம்பிக்கொண்டு நடமாடுவதைப் பொறுக்க முடியவில்லை. போதும் என்று தோன்றியது."

"அப்போ நான்..." அவன் அவள் பக்கம் குனிந்தான். "உன் பேச்சை மீறிட்டேனா? இவ்ளோ கஷ்டத்தையும் நான்தான் உன்மேல ஏத்தி வச்சேனா?"

"கண் விழித்தபோது கோபமாகத்தான் இருந்தது. யாரைக் கேட்டு என்னை நிறுத்தினீர்கள் என்று."

"அப்புறம்?"

"ஒருநாள் விடியும்போது லோகேஷ் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. நர்ஸ் அவன் மடியில் என் ஃபைலை வைத்துவிட்டுப் போனாள். அவன் தூக்கத்திலேயே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் தலையணையைக் கட்டிக்கொள்வது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியாது, ஆனால் வந்தது. இதைப் பார்க்காமல் போயிருப்பேனே என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது."

சற்றுப் பொறுத்து, "இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்றது பெட்டி. "நான் சாக விரும்பியிருந்தேன். இன்றைக்கு இது சரி. அன்றைக்குத் தப்பு. நீங்களும் ரெஹானாவும் தப்பாகக் கேட்டதற்கு நன்றி."

அவன் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அந்தக் கை அசையவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

"லோகேஷை வரச் சொல்லுங்கள்" என்றாள் பிறகு. "அவனோடு பேச வேண்டும்."

லோகேஷ் அக்கா வீடு திரும்பியதிலிருந்து வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் அறைக்குள் நிற்க மாட்டான். வாங்கி வந்த மருந்தை வைத்துவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்தபடி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடுவான். அக்காவின் கண்களைப் பார்ப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே நிலையில் சாய்ந்தான்.

"உள்ளே வந்து உட்கார்" என்றது பெட்டி. டீச்சர் குரல். அவன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அன்றைக்கு உன் மாமா தப்பாகக் கேட்டார். நீ சரியாகக் கேட்டாய்."

லோகேஷ் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் போகத்தான் கேட்டேன். நீ என்னைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. நான் சொன்னதை நம்பினாய். இந்த உடம்பில் என் பேச்சை ஒருத்தன் அப்படியே நம்பினான் என்பது எனக்குப் பெரிய விஷயம். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்."

"அக்கா, நான் சொன்னதைக் கேட்டிருந்தா நீ இன்னிக்கு..." அவனால் முடிக்க முடியவில்லை.

"இருந்திருக்க மாட்டேன்" என்று அவள் முடித்தாள். "அது உன் தப்பு இல்லை. மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன்."

லோகேஷ் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் அவள் கைக்குப் பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. பெட்டி அவனை அழவிட்டது.

தயாளன் மச்சானுக்கு டீ போட அடுப்பங்கரைக்குப் போனான். பாலை அடுப்பில் வைத்தவன், அவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று தீயைக் குறைத்து வைத்தான்.